ஸ்டாண்டில் வெடிக்காத இடது குழல்

பயிற்சிப் பிரிவிலிருந்து போன் வந்தது. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, முப்பது வருஷம் துப்பாக்கிப் பிரிவில் வேலை பார்த்தவள் என்ற முறையில், உற்சாகமூட்டும்படி நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "மேடம், பாசிட்டிவா இருக்கட்டும். பழைய பிரச்சினையெல்லாம் வேண்டாம்" என்று இரண்டு தடவை சொன்னார் அந்தப் பிள்ளை. சரி என்று சொல்லித்தான் போனை வைத்தேன். ஆனால் என் இஷ்டத்துக்குத்தான் எழுதப் போகிறேன். அச்சில் போடவில்லையென்றால் ஜெராக்ஸ் எடுத்து நானே உங்கள் மேஜை மேஜையாகக் கொண்டுவந்து வைப்பேன். தொம்மலூரிலிருந்து அங்கே வர ஒரே பஸ்தான், டிக்கெட்டும் பெண்களுக்கு இலவசம்.

முதலில், இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்தவை என்னென்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மெமோ. ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றல். கைக்கெட்டும் தூரத்தில் வந்து திரும்பிப் போன துணை டைரக்டர் பதவி. ரிட்டயர்மென்ட் அன்று எனக்குச் சால்வை போட்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதெல்லாம் நமக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்களில் பலர் ஒற்றை டிரிக்கர் இரட்டைக்குழல் துப்பாக்கியை இன்னும் கையில் எடுத்திருக்க மாட்டீர்கள். நம்மிடம் வருகிறவை பெரும்பாலும் இரண்டு குழல், இரண்டு டிரிக்கர். ஒன்று வலதுக்கு, ஒன்று இடதுக்கு, அதில் குழப்பமே இல்லை. ஒற்றை டிரிக்கரில்தான் தொல்லை. ஒரே டிரிக்கர் இரண்டு குழலையும் அடுத்தடுத்து வெடிக்க வைக்க வேண்டும். எந்தக் குழல் முதலில் வெடிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க, கட்டைவிரல் படும் இடத்தில் சேஃப்டியோடு, அதாவது தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டோடு, சேர்ந்தே ஒரு பொத்தான் இருக்கும். அதுதான் செலக்டர். நான் சொல்லப்போகும் துப்பாக்கியில் அதை மாற்ற மூன்று அசைவுகள் தேவை. சேஃப்டியைப் பின்னால் இழுக்க வேண்டும், பக்கவாட்டில் தள்ள வேண்டும், மறுபடி முன்னால் தள்ள வேண்டும். கை தவறிச் செய்கிற காரியம் இல்லை அது. ஒரு மனிதனின் ஆயுள் இந்த மூன்று அசைவுகளில்தான் மாட்டிக்கொண்டது.

சரி, முதல் குழல் வெடித்ததும் டிரிக்கர் எப்படி இரண்டாவது குழலுக்குப் போகிறது? உள்ளே ஒரு சின்ன எடைத்துண்டு இருக்கிறது. வெடித்தவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கும், தோள் அதைத் தடுத்து நிறுத்தும். துப்பாக்கி நின்றாலும் எடைத்துண்டு நிற்காது, பின்னாலேயே போகும். சில்க் போர்டு சிக்னலில் பஸ் டிரைவர் சடன் பிரேக் போட்டதும் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர் அடுத்தவர் மேல் போய் விழுவது போலத்தான். அந்த ஆட்டத்தில் டிரிக்கரின் பிடி முதல் சுத்தியலை விட்டு இரண்டாவது சுத்தியலுக்கு மாறிவிடும். உதை இல்லாவிட்டால் இந்த மாற்றமும் இல்லை. முதல் தோட்டா ஈரம் பட்டு வெடிக்காமல் போனால் டிரிக்கர் செத்ததுபோல் கிடக்கும், எத்தனை தடவை இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. செலக்டரை மாற்றினால்தான் அடுத்த குழல் வெடிக்கும். இதுதான் பாடம். வகுப்பில் நானே வருஷா வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

முனிராஜுவின் துப்பாக்கி ஆனேக்கல் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வந்தது. அவர் ராகி போடுகிற விவசாயி. காட்டுப் பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போய்விட்ட ஒரு ரிட்டயர்டு மிலிட்டரி அதிகாரியிடமிருந்து, கடை மூலமாக வாங்கிய வெளிநாட்டுத் துப்பாக்கி அது. ஒரு காலை, நன்றாக விடிந்த பிறகு, அந்தத் துப்பாக்கியின் இடது குழல் வெடித்து முனிராஜுவின் அக்கா சரோஜம்மாவின் கணவர் வயலிலேயே இறந்துபோனார். வலது குழலில் ஒரு தோட்டா இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஊசி குத்திய பள்ளம் இருந்தது, ஆனால் வெடிக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் மாமாவும் மைத்துனனும் வேலித் தகராறில் ஊர் நடுவே கட்டிப்புரண்டு சண்டை போட்டிருந்தார்கள். போலீஸ் கொலை வழக்கு போட்டது.

நம் ஆய்வகத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலத்தை நாம் படிப்பதில்லை. படித்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்பதால், போலீஸ் அனுப்பும் கேள்விகளை மட்டும் பார்ப்போம். எனக்கு வந்த கேள்வி: வலது குழலில் தோட்டா வெடிக்காமல் போன பிறகு, செலக்டரை மாற்றாமல் இடது குழல் வெடிக்குமா?

இன்னொரு வழக்கமும் உண்டு. சோதனைத் துப்பாக்கியை நாம் தோளில் வைத்துச் சுடுவதில்லை. இரும்பு ஸ்டாண்டில் வைத்து நாலு பக்கமும் இறுக்கி, சுவருக்குப் பின்னால் நின்று, டிரிக்கரில் கட்டிய கயிற்றை இழுப்போம். நானும் அப்படித்தான் செய்தேன். வலதில் வெடிக்காத தோட்டா, இடதில் நல்ல தோட்டா. கயிற்றை இழுத்தேன், 'க்ளிக்'. மறுபடி மறுபடி இழுத்தேன், சத்தமே இல்லை. செலக்டரை மாற்றி இழுத்தேன், இடது குழல் வெடித்தது. மேஜைக்கு வந்து எழுதினேன்: "செலக்டரை மாற்றாமல் இடது குழல் வெடிக்க இயலாது." கீழே கையெழுத்து, சீல். ஒரு ஃபில்டர் காபி குடிப்பதற்குள் முடிந்துபோன வேலை.

அந்த ஒரு வரி என்ன செய்தது என்று பாருங்கள். முதல் குழல் வெடிக்கவில்லை, ஆகவே அந்த மனிதன் நிதானமாக மூன்று அசைவுகள் செய்து அடுத்த குழலுக்கு மாற்றி, மாமாவைச் சுட்டான் என்று ஆயிற்று. கொலை செய்யும் எண்ணத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? துப்பாக்கியைப் பறிமுதல் செய்தபோது செலக்டர் எந்தப் பக்கம் இருந்தது என்று, போலீஸ் அங்கேயே எழுதும் மகஜரில் யாரும் எழுதவில்லை. அதனால் முழு வழக்கும் என் வரியின் மேல் உட்கார்ந்துவிட்டது.

கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனேன். அங்கேதான் முனிராஜு தரப்புக் கதையை முதன்முதலாகக் கேட்டேன். இலவச சட்ட உதவியில் வந்த சின்ன வயது வக்கீல் அதைச் சொன்னார். முனிராஜு பன்றியைக் குறி வைத்து டிரிக்கரை இழுத்திருக்கிறான், வெடிக்கவில்லை. மறுபடி இழுத்தும் ஒன்றுமில்லை. பன்றி ஓடிவிட்டது. சண்டை ஆறிக் கூட வந்திருந்த மாமா சிரித்து, "இத வித்துட்டு ரெண்டு கட்டு பட்டாசு வாங்கிக்கடா" என்றிருக்கிறார். ரோஷத்தில் இவன் துப்பாக்கியின் அடிக்கட்டையைப் பாறையில் ஓங்கி இடித்திருக்கிறான். பிறகு கையிலெடுத்து, "பாருங்க மாமா, செத்தே போச்சு இது" என்று காட்டுவதற்காக டிரிக்கரை இழுத்திருக்கிறான்.

வக்கீல் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேடம், துப்பாக்கி அதிர்ந்தா டிரிக்கர் அடுத்த குழலுக்கு மாற வாய்ப்பிருக்கா?"

எனக்கு முப்பது வருஷ அனுபவம். அவருக்கு அங்கி கூடத் தோளில் நிற்கவில்லை. "முறைப்படி ஸ்டாண்டில் வைத்துச் சோதித்தோம். மாறவில்லை" என்றேன். கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை, அதுதான் வெட்கக்கேடு. இறுக்கிக் கட்டிய துப்பாக்கி எங்கே அதிரும்?

வெளியே வராந்தாவில் சரோஜம்மா என்னை வழிமறித்துக் கையைப் பிடித்துக்கொண்டார். சோர்ந்த முகம், கையில் ஒரு துணிப்பை. "நீங்க ஒருத்தர்தாம்மா உண்மைய சொன்னீங்க. ஊர்ல எல்லாரும் தம்பி தெரியாம செஞ்சிட்டான், தெரியாம செஞ்சிட்டான்னு என் வாய மூடப் பாக்கறாங்க. எனக்குத் தெரியும், அவன் வேணும்னேதான் செஞ்சான்" என்றார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் ஸ்டாக் சரிபார்ப்பு வந்தது. நம் ஆய்வகத்தில் மாதிரிக்காக வைத்திருக்கும் துப்பாக்கிகளை எண்ணிக் கையெழுத்துப் போடும் வேலை. வழக்கமாக அட்டெண்டர் அந்தோணி எண்ணிக்கொண்டு வந்து நீட்டுவார், நான் மேஜையிலேயே கையெழுத்துப் போடுவேன். அந்தோணி விவேக் நகர்க்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், மனிதர்களைவிடத் துப்பாக்கிகளோடு அதிகம் பேசுகிறவர். அன்று லிஃப்ட் ரிப்பேர், கரண்ட்டும் இல்லை, உட்கார்ந்து புழுங்குவதற்குப் பதில் நானே அறைக்குப் போய் நின்றேன். அவர் ஒவ்வொன்றாகத் துடைத்து, அடிக்கட்டை கீழே படும்படி ராக்கில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை வைத்தபோது 'டிக்' என்று ஒரு சன்னமான சத்தம்.

"என்ன அந்தோணி அது?"

"இதுவா மேடம்? ஒத்த டிரிக்கர் துப்பாக்கி. இதுங்கள கீழ வெச்சா இப்பிடித்தான் டிக்குன்னு சொல்லும். நான் சேந்ததுலேந்து சொல்லுது."

"இத்தனை வருஷத்துல என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே மேடம்." துணியை உதறிவிட்டு, குத்தலே இல்லாமல் சொன்னார். "அதுவுமில்லாம, நீங்க எங்க கீழ வெக்கிறீங்க? நாங்கதான தூக்குறோம், வெக்கிறோம்."

நான் எத்தனையோ வருஷம் துப்பாக்கிகளைச் சோதித்தேன், வகுப்பெடுத்தேன், கோர்ட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சாட்சி சொன்னேன். ஒரு துப்பாக்கியையும் நானாகத் தரையில் வைத்ததில்லை. ஆபீசர் வைக்க மாட்டார், அட்டெண்டர்தான் வைப்பார். அது நம் ஆபீஸ் மரியாதை. அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த மாதிரித் துப்பாக்கியை எடுத்து இரண்டு குழலிலும் மருந்தில்லாத வெற்றுத் தோட்டா போட்டேன். டிரிக்கரை இழுத்தேன், ஒரு சுத்தியல் விழுந்தது. மறுபடி இழுத்தேன், ஒன்றுமில்லை. செலக்டரைத் தொடாமல் அந்தோணியிடம் கொடுத்தேன். "கோவமா கீழ வைங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வைத்தார். 'டிக்'. வாங்கி இழுத்தேன். இரண்டாவது சுத்தியல் விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தோம். மெதுவாக வைத்தால் மாறவில்லை, இடித்து வைத்தால் பெரும்பாலும் மாறியது. தோள் செய்கிற வேலையைத் தரை செய்கிறது, அவ்வளவுதான். பிளஸ் டூ பிள்ளைக்குப் புரியும். அங்கிருந்த மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முனிராஜு மூன்றாவது வருஷமாக ஜெயிலில் இருந்தார், ஜாமீன்கூடக் கிடைக்கவில்லை.

அன்றே கடிதம் எழுதி டைரக்டர் மேஜையில் வைத்தேன். 'என் அறிக்கையில் உள்ள வரி தவறு, மறு சோதனை தேவை, கோர்ட்டுக்குத் தெரிவிக்கவும்.' டைரக்டர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ரிட்டயராக ஒரு வருஷம் இருந்த மனிதர், அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டுக் கன்னடத்தில் பேசினார்.

"சும்மா ஏன் மேடம் இதெல்லாம்? நீங்க சோதிச்சது நம்ம மாதிரித் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கி கோர்ட்ல இருக்கு. அதுவும் இப்படித்தான் செய்யும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். செய்யவே செய்யாதுன்னு எழுதியிருக்கேனே, அது மட்டும் எனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ஒரு ரிப்போர்ட்டை நீங்களே தப்புன்னு சொன்னா, நீங்க கையெழுத்துப் போட்ட எல்லாத்தையும் வக்கீலுங்க தோண்டுவாங்க. உங்க பேரு மட்டும் இல்ல, லேப் பேரே போயிடும்."

"தோண்டட்டும் சார். சரியா இருக்கறது நிக்கும்."

"உங்க பிரமோஷன் ஃபைல் என் மேஜைல இருக்கு" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த மாதிரி வருத்தத்திடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், மிரட்டலைவிட அதற்குத்தான் ஆட்கள் சீக்கிரம் மசிவார்கள். நானும் இரண்டு நாள் மசிந்தேன், மறைக்கவில்லை. கேன்டீனில் ஒரு சீனியர், "ஆனைக்கும் அடி சறுக்கும், விடும்மா" என்று ஆறுதல் சொன்னார். சறுக்கிய ஆனை இன்னொருத்தன் மேல் விழுந்து கிடக்கிறதே, அதை யார் எழுப்புவது என்று கேட்டேன். டீயை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சீல் வைத்த காகிதத்தில் எழுதினால் மட்டும் முயலுக்கு மூன்று கால் ஆகிவிடுமா?

கடிதம் ஃபைலுக்குள் போனது, ஃபைல் பீரோவுக்குள் போனது. அரசு வக்கீலுக்குப் போன் செய்தேன். "சாட்சி முடிஞ்சாச்சு மேடம், அடுத்த வாரம் ஆர்க்யுமென்ட். இப்ப எதுக்குக் கிளறுறீங்க?" என்று வைத்துவிட்டார். ஆர்க்யுமென்ட் அன்று ஒரு நாள் கேஷுவல் லீவு போட்டேன். கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும், அழைக்காத இடத்தில் எழுந்து நின்றேன். அப்பா, சித்தப்பா என்று எங்கள் வீட்டில் எல்லாருமே சர்க்கார் உத்தியோகம். வரிசையில் நில், மேலதிகாரி மூலமாகப் போ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு.

இங்கே ஜட்ஜை ஸ்வாமி என்றுதான் கூப்பிடுவோம். "ஸ்வாமி, இந்த வழக்கில் துப்பாக்கி அறிக்கை கொடுத்தவள் நான். அதில் ஒரு வரி தவறு" என்றேன். அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். இவர் யாருடைய அனுமதியில் வந்தார், அனுப்பும் அதிகாரியின் கடிதம் எங்கே, இதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். ஜட்ஜ் அவரைக் கையமர்த்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. ரெண்டுல எதை நான் நம்பறது?"

"ரெண்டையும் நம்ப வேண்டாம் ஸ்வாமி. துப்பாக்கியைத் தரையில வெச்சுப் பாருங்க."

சின்ன வக்கீலுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. உடனே மனு கொடுத்தார். என்னை மறுபடி விசாரிக்கவும் துப்பாக்கியைக் கொண்டுவரவும் உத்தரவானது. மறுநாள் காலை ஆபீசில் மெமோ காத்திருந்தது. அனுமதியின்றிக் கோர்ட்டில் பேசியது ஏன், சொந்த அறிக்கைக்கே முரணாக நடந்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். 'அறிக்கை தவறு என்பதால்' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை என்னை ரெக்கார்ட் ரூமில் உட்கார வைத்தார்கள். பெண்ணுக்கு எதற்குத் துப்பாக்கி, ரசாயனப் பிரிவில் இருக்கட்டும் என்று சொன்னவர்களோடு சண்டை போட்டு வாங்கிய மேஜை போயிற்று. அழுகை வந்தது. ரெக்கார்ட் ரூமுக்கு யாரும் வர மாட்டார்கள், நன்றாக அழ முடிந்தது.

விசாரணை நாள். சீல் வைத்த துணி உறையைப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்தார்கள். போலீஸ் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் ஒருவர் குழலைத் திறந்து காலி என்று காட்டி, வெற்றுத் தோட்டாக்களைப் போட்டார். முனிராஜு கூண்டில் நின்றார். சரோஜம்மா பின் வரிசையில் இருந்தார். இப்போது என்னைப் பார்த்த பார்வையில், என்னை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. அரசு வக்கீலின் கேள்விகளைவிட அதுதான் எனக்கு வலித்தது.

டிரிக்கரை இழுத்தேன். வலது சுத்தியல் விழுந்தது. மறுபடி இழுத்தேன், ஒன்றுமில்லை. செலக்டர் வலதிலேயே இருக்கிறது என்று ஜட்ஜுக்கு அருகில் கொண்டுபோய்க் காட்டினேன். தரை கெட்டுவிடும் என்று கோர்ட் சிப்பந்தி ஒரு கால்மிதியை விரித்திருந்தார். அதன்மேல் அடிக்கட்டையை வைத்தேன். இழுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

அரசு வக்கீல் சத்தம் வராமல் சிரித்தார். இன்னொரு தடவை வைத்தேன், இழுத்தேன், அப்போதும் இல்லை. டைரக்டர் சொன்னதுபோல, நம் மாதிரித் துப்பாக்கி வேறு, இது வேறாக இருந்தால்? வேலையும் போய், மானமும் போய், அந்த மனிதனுக்கும் ஒன்றும் கிடைக்காமல் போனால்? ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "முடிஞ்சுதா?" என்றார்.

"இல்லை ஸ்வாமி. பாறையில் கால்மிதி விரிச்சிருக்க மாட்டாங்க. அதோட, நான் இதை ஆய்வகத்து ஆள் மாதிரி பதமா வைக்கறேன். ரோஷத்துல இருக்கறவன் இப்படி வைக்க மாட்டான்."

காலால் மிதியை ஒதுக்கித் தள்ளினேன். மூன்று வாரமாக எனக்குள் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, வெறும் தரையில் இடித்து வைத்தேன். 'டிக்' என்றது. முதல் வரிசைக்குக் கேட்டிருக்கும். தூக்கி, இழுத்தேன். இடது சுத்தியல் 'டக்'கென்று விழுந்தது.

"அப்படியென்றால் இப்படித்தான் நடந்தது என்கிறீர்களா?" என்று கேட்டார் அரசு வக்கீல். "நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. நடக்கவே முடியாது என்று எழுதியிருந்தேன். அது தவறு. அதை மட்டும்தான் சொல்ல வந்தேன்" என்றேன். இந்த எல்லையை நீங்களும் தாண்டாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றுகிறோம் என்ற ஜோரில்கூடத் தாண்டாதீர்கள்.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. கொலை இல்லை, கவனக்குறைவால் நேர்ந்த மரணம், அனுபவித்த சிறைவாசமே தண்டனை. ஆட்கள் நிற்கிற திசையில் துப்பாக்கியை நீட்டி டிரிக்கரை இழுத்தது பெரிய முட்டாள்தனம், அதற்குத் தண்டனை வேண்டியதுதான். ரெக்கார்ட் ரூமில் உட்கார்ந்து அந்தத் தீர்ப்பின் நகலை நானே ஃபைலில் கட்டினேன். ஆனால் மெமோவும் மாற்றலும் போனால் போகிறது என்று என்னை நினைக்க வைத்தது அந்தத் தீர்ப்பு இல்லை. அன்று கோர்ட்டில், நான் துப்பாக்கியை மேஜையில் வைக்கப் போனபோது, பின் வரிசையிலிருந்து வந்த ஒரு குரல்.

"இன்னொரு வாட்டி செய்ங்க."

சரோஜம்மா எழுந்து நின்றிருந்தார். சிப்பந்தி உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. ஜட்ஜ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஆர்மரர் குழலைத் திறந்து மூடிச் சுத்தியல்களை மறுபடி ஏற்றினார். நான் இழுத்தேன், வலது விழுந்தது. இழுத்தேன், ஒன்றுமில்லை. தரையில் இடித்தேன். இழுத்தேன், இடது விழுந்தது. இந்த முறை சரோஜம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைவிரலை மட்டும் பார்த்தார். அது செலக்டர் பக்கமே போகவில்லை.

அவர் மெதுவாகக் கூண்டின் பக்கம் திரும்பினார். மூன்று வருஷமாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தவர், ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை என்று பிறகு வக்கீல் சொன்னார். முனிராஜு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏண்டா பாவி," என்று கத்தினார் சரோஜம்மா, "எதுக்குடா அவர் பக்கம் நீட்டின? வானத்தப் பாத்து நீட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"அக்கா" என்றார் முனிராஜு. சரோஜம்மா அழுதுகொண்டே திட்டினார், விடாமல் திட்டினார். ஜட்ஜ் உட்பட யாரும் அவரைத் தடுக்கவில்லை. வேண்டுமென்றே கொன்றவனிடம் எந்த அக்காவும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாள்.